293ஆவது சோதனையும் ஒரு கருவின் கணக்கும்

1973இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் கிரஹாம் ஒரு மனிதக் கருவின் சிறுநீரகச் செல்களுக்குள் அடினோ வைரஸின் டிஎன்ஏ துண்டுகளைச் செலுத்திப் பார்த்தார். அது அவருடைய 293ஆவது சோதனை. செல்களுக்கு ‘ஹெக் 293’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். கரு கலைக்கப்பட்டது என்றே பலரும் கொள்கிறார்கள். ஆனால் முழு ஆவணம் கிடையாது. செல்கள் மட்டும் அரை நூற்றாண்டாகப் பெருகிக்கொண்டிருக்கின்றன.

ஒரு புதிய மருந்து கல்லீரலுக்குள் எப்படி நுழைகிறது என்று பார்க்கப் பல ஆய்வகங்கள் எடுப்பது இவற்றைத்தான். செல்சவ்வில் மருந்தை உள்ளே இழுக்கும் ஓஏடிபி1பி1 என்ற கடத்திப் புரதத்தின் மரபணுவை ஒரு தொகுதிச் செல்களில் ஏற்றுவார்கள். இன்னொரு தொகுதியில் ஏற்றமாட்டார்கள். இரண்டிலும் மருந்தை ஊற்றி, ஓரிரு நிமிடத்தில் பனிக்குளிர் கரைசலால் கழுவி, உள்ளே போன அளவைப் பார்ப்பார்கள். முதல் தொகுதியில் இரண்டு மடங்காவது போயிருந்து, அந்தப் புரதத்தைத் தடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்தைச் சேர்த்ததும் அது பாதியாகக் குறைந்தால், இழுத்தது அந்தப் புரதம்தான். கழுவும்போது கை வேகம் கூடினால் போச்சு: ஹெக் செல்கள் தட்டில் அழுத்தமாக ஒட்டாது, பெயர்ந்து வந்துவிடும்.

வீண் வேலை என்று சொல்லிவிட முடியாது. செரிவாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரையை, தசை சிதைந்து பலர் இறந்தபின், 2001 ஆகஸ்டில் பேயர் நிறுவனம் திரும்பப் பெற்றது. கூடவே ஜெம்ஃபைப்ரசில் என்ற இன்னொரு மருந்தையும் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். அது கல்லீரல் நொதியோடு இந்தக் கடத்தியையும் தடுக்கும்.

சரி, அந்தக் கருவுக்கு நேர்ந்தது பாவம் என்று நம்புகிறவர், அதன் செல்களில் சோதித்த மாத்திரையை விழுங்கினால் பாவத்துக்கு உடந்தையா?

2021இல் அமெரிக்காவின் அர்க்கன்சாஸில் கான்வே நகர மருத்துவமனை ஒன்று, கருச் செல்களோடு தொடர்புடையது என்று மதக் காரணம் காட்டிக் கொரோனா தடுப்பூசியை மறுத்த ஊழியர்களிடம் ஒரு படிவத்தை நீட்டியது. டைலனால், ஆஸ்பிரின் உள்ளிட்ட மருந்துகளையும் தொடமாட்டேன் என்று கையெழுத்திட வேண்டும். கெட்டிக்காரத்தனமான மடக்கல்தான், ஆனால் ஓட்டை. ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருக்கிறது; பிற்பாடு யாரோ அதை ஹெக் செல்லில் ஊற்றிப் பார்த்ததற்கு ஆஸ்பிரின் என்ன செய்யும்? இன்று சோதனையைத் தாண்டிச் சந்தைக்கு வரும் புது மருந்தின் கதை வேறு.

கத்தோலிக்கத் திருச்சபை இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்திருக்கிறது. மாசற்ற மாற்று கிடைக்காதபோது கருச் செல்களோடு தொடர்புடைய தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாம், அந்த உடந்தை தொலைவானது என்று 2020 டிசம்பரில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் சொன்னது. ஆனால் 2008இன் ‘டிக்னிட்டாஸ் பெர்சோனே’ ஆவணம், கருக்கலைப்பிலிருந்து வந்த செல்களை மறுக்கும் கடமை ஆய்வாளருக்கு உண்டு என்கிறது. படிவம் நீட்டப்படுவது மருந்தை விழுங்குபவரிடம்; ஆனால் அவரைவிட, செல்லைத் தேர்ந்தெடுப்பவர் மீதுதான் அங்கே பாரம் அதிகம்.

அந்தப் பாரத்தோடு ஆய்வகத்துக்குள் போனால் ‘மாற்று இல்லை’ என்ற வாதம் ஆட்டம் காண்கிறது. நாயின் சிறுநீரகத்திலிருந்து 1958இல் வந்த எம்டிசிகே செல்கள் இருக்கின்றன. சீன ஹாம்ஸ்டரின் சூலகச் செல்களும் இருக்கின்றன. மருந்தை வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரதத்தை 1976இல் ஜூலியானோவும் லிங்கும் கண்டதே ஹாம்ஸ்டர் செல்களில்தான். இவற்றிலும் மனிதக் கடத்தியின் மரபணுவை ஏற்றிச் சோதிக்கிறார்கள். ஹெக் 293இல் மரபணு சுலபமாக ஏறும், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தரவும் குவிந்து கிடக்கிறது. இந்தச் சௌகரியத்தை, வேறு ஊசியில்லாமல் நின்ற நோயாளியின் கையறு நிலையோடு சமமாக வைப்பது கடினம்.