ஈரமும் அடுப்பும்

பசித்த முகம் ஒன்றைப் பார்த்ததும் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் நிற்கிறதே, அந்தக் கணத்தை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈரம் உள்ள மண்ணில்தான் விதை முளைக்கும். ஆனால் ஈரமே விளைச்சல் ஆகிவிடாது. ‘ஐயோ பாவம்’ என்ற சொல், சொன்னவரின் நெஞ்சைத்தான் ஆற்றுகிறது. எதிரே நிற்பவரின் வயிறு அப்படியே காய்கிறது. காய்ந்த பயிரைக் கண்டும் கலங்கிப் பாடியவர் வள்ளலார். அந்தக் கலக்கம் பாட்டோடு நின்றுவிடவில்லை; 1867-இல் வடலூர் தருமசாலையில் அடுப்பாக மூண்டது. ஊரும் பேரும் கேட்காமல், வந்தவருக்கெல்லாம் அங்கே இலை போட்டார்கள். இன்றும் போடுகிறார்கள். அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை.