வலியறிதல்: காயத்தின் பின் ஓடுவது குறித்து ஓர் அறவியல் நோக்கு

'வலி' என்னும் சொல் இரு பொருள் தருவது. பழைய வழக்கில் அது பெரும்பாலும் வலிமையைக் குறித்தது. இன்று நாம் 'நோ' என்று சொல்வதையும் குறிக்கின்றது. திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய 'வலியறிதல்' முதற் பொருளையே கருதியது. ஆயினும், காயமுற்று ஆறிய காலோடு தொடக்கக் கோட்டில் வந்து நிற்கும் ஓட்டவீரனுக்கு இவ்விரு பொருளும் ஒன்றையொன்று பிரியாதவை. தன் நோவை அறியாதவன் தன் வலிமையையும் அறியான்.

ஓட்டப் பருவத்தின் தொடக்கத்தில் 5 கிலோமீற்றர் போன்ற குறுந்தூர வீதியோட்டங்கள் நடைபெறுவதுண்டு. பின்னர் வரும் பெரிய போட்டிகளுக்கு இவை முன்னோட்டமாக அமைவன. பல வாரங்கள் ஓடாதிருந்த ஒருவன் இத்தகைய ஓட்டத்தில் இறங்குவது துணிவா, பேதைமையா? 'அவனுடைய கால், அவனுடைய விருப்பம்' என்று இவ்வினாவைத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அறக்கடமை பிறரோடு மட்டும் முடிந்துவிடுவதன்று. பிறரைப் போலவே தன்னையும் வெறுங் கருவியாக்கலாகாது என்பது கான்ற்றின் அறவியலில் அடிப்படையான கருத்து. பிறர் மெச்சுவதற்காகத் தன் உடலைச் சிதைப்பவனும் ஒரு மனிதனுக்குத் தீங்கிழைப்பவனே.

உடலின் இயல்பு இவ்வினாவை மேலும் சிக்கலாக்குகின்றது. ஓய்வின் பின் பயிற்சியை மீளத் தொடங்குபவனுடைய மூச்சும் இதயமும் ஒப்பீட்டளவில் விரைவாகத் தேறுகின்றன. எலும்பும் தசைநாணும் அத்துணை விரைவில் தேறுவதில்லை. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் நிறையின் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் தாக்குகின்றது. 5 கிலோமீற்றரில் இது நாலாயிரம் தடவைக்குமேல் நிகழும். நெஞ்சு 'ஓடலாம்' என்கையில் எலும்பு 'பொறு' என்கின்றது. இவற்றுள் எலும்பின் குரல் மெல்லியது; போட்டியின் பரபரப்போ அதனை மேலும் அடக்கிவிடும். ஆகவே துணிவு மிகவும் வேண்டப்படும் அவ்வேளையிலேயே அறிவு மங்கிவிடுகின்றது.

கோழைமைக்கும் கண்மூடித்தனமான துணிச்சலுக்கும் இடைப்பட்டதே வீரம் என்றார் அரிஸ்டோட்டில். அந்த நடுநிலை எங்குள்ளது என்பதை எண்ணிக்கையால் அளந்து கூறவியலாது. ஆளையும் காலத்தையும் நோக்கியே துணிதல் வேண்டும். 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தை இங்கு நினைவுகூரலாம். தன்சானிய வீரர் ஜோன் ஸ்டீபன் அக்வாரி வழியில் விழுந்து முழங்கால் மூட்டு விலகிய நிலையிலும் ஓட்டத்தைத் தொடர்ந்தார். வென்றவர் வந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேலான பின்னரே, கட்டிய காலுடன் இறுதி ஆளாக அரங்கினுள் நுழைந்தார். அதே ஓட்டத்தில் எதியோப்பியாவின் அபேபே பிக்கிலா ஏறத்தாழ 17 கிலோமீற்றரில் காலிலிருந்த காயம் காரணமாக விலகிக்கொண்டார். 1960இலும் 1964இலும் அதே போட்டியில் தங்கப்பதக்கம் வென்றவர் அவர். 1964இல், குடல்வால் சத்திரசிகிச்சை நடந்து ஆறு வாரம் செல்லுமுன்னரே ஓடி வென்றவர். அவரைக் கோழை என்பார் யார்? உலகம் அக்வாரியைப் போற்றுகின்றது, போற்றுவது தகும். ஆனால் பிக்கிலாவின் விலகலும் வலியறிதலே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

வலியறிதலை அடுத்துவரும் அதிகாரம் 'காலமறிதல்'. அந்த ஒழுங்கு நமது வினாவுக்கு நன்கு பொருந்துகின்றது. அக்வாரி தன்னை வருத்திக்கொண்டது பயணத்தின் முடிவிடத்தில். ஒலிம்பிக் ஓட்டம் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறையே வாய்ப்பது. பருவத் தொடக்கத்தின் வீதியோட்டமோ பயணத்தின் வாயில். முடிவிடத்தில் தியாகமாகும் அதே செயல், வாயிலில் விதைநெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பாகும்.

அவ்வாறாயின் தனியே பயிற்சி செய்துகொள்ளலாமே, போட்டி எதற்கு என்று ஒருவர் வினவலாம். தனிமையிலே தன்னை ஏமாற்றிக்கொள்ளுதல் எளிது என்பதே அதற்கு விடை. கணைக்கால் எலும்பிற் காயமுற்று மூன்று மாதம் ஓடாதிருந்த பின், மருத்துவரின் அனுமதியோடு, இக்கட்டுரையாளன் சென்ற பருவத் தொடக்கத்தில் அத்தகைய ஓட்டமொன்றில் ஓடினான். முன்னர் 19 நிமிடத்தில் ஓடிய தூரத்துக்கு அன்று 23 நிமிடம் சென்றது. மூன்றாம் கிலோமீற்றரில், முன்பு எப்போதும் பின்னே வந்த இளையவன் ஒருவன் முந்திச் சென்றான். அவனைத் துரத்துமாறு தூண்டியது கால் அன்று. வீதியோரத்தில் நின்றோரின் கண்கள். காலில் நோவில்லை, நொந்தது வேறொன்று. காயம் எலும்பில் மட்டும் இருந்ததன்று என்பது அப்போதுதான் விளங்கிற்று. தனியே ஓடிய நாள்களில் இந்த அறிவு கிட்டியதில்லை. வேகத்தைக் கூட்டுவதில்லை என்று புறப்படுமுன் செய்த முடிவே அன்று காலைக் காத்தது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. காயத்தின் பின் முதலில் ஓடும் ஓட்டம் ஒரு வினாவே. அதனை விடையாக்க முயல்பவன் கெடுகின்றான். 'நான் இன்னும் பழையவனே' என்று நிறுவ ஓடுபவனுக்கு ஒவ்வொரு நோவும் பகை; அவன் அதனை மறைப்பான். 'நான் இன்று யார்' என்று அறிய ஓடுபவனுக்கு நோவும் ஒரு செய்தி. அவன் அதற்குச் செவிகொடுப்பான். எந்த அறிகுறி தோன்றினால் நிற்பது என்பதை உடல் சூடேறுமுன் தீர்மானித்து, சூடேறிய பின்னும் அத்தீர்மானத்துக்கு உண்மையாயிருத்தல் வேண்டும். இங்கே வாக்குக் கொடுப்பவனும் அதனைக் காக்க வேண்டியவனும் ஒருவனே, சாட்சி எவருமிலர். எனவே அதனை மீறுதல் மிக எளிது.

முயற்சியைப் போற்றும் 'ஆள்வினையுடைமை' திருக்குறளில் 62ஆம் அதிகாரமாக, வலியறிதலுக்கும் காலமறிதலுக்கும் பின்னரே வருகின்றது. தன்னளவு அறியாத முயற்சி முயற்சியாகாது என்று இவ்வொழுங்கிற்குப் பொருள் கொள்ளலாம். முன்பிருந்ததினும் சிறியவனாகப் பலர் காண ஓடுவதற்கும், தேவையாயின் பலர் காண நின்றுவிடுவதற்கும் ஒருவன் ஆயத்தமாயிருப்பின், அவன் அத்தொடக்கக் கோட்டில் நிற்பது துணிவே. அந்த ஆயத்தம் இல்லாதவன், கால் முற்றாகத் தேறியிருப்பினும், இன்னும் சில வாரம் பொறுத்திருப்பது நன்று.