அனுமதி இருந்தால் சரியாகிவிடுமா?

2019 செப்டம்பர். நான் எஸ்.பி.எம். எழுதவிருந்த வருடம். புகைமூட்டத்தால் பள்ளியை மூடிவிட்டார்கள். வீட்டில் அடைந்து கிடந்த நானும் எல்லாரையும் போல, "இந்தோனேசியாவிலே காட்டைக் கொளுத்துறாங்க, இங்க நாம மூச்சு முட்டுறோம்" என்று திட்டிக்கொண்டிருந்தேன். தாத்தா கேட்டார்: "ஏம்மா, ஜோஹான் செத்தியாவிலேயும் மண்ணு எரியுதுன்னு சொல்றாங்களே, அது நம்ம கிள்ளான்தானே?"

என்னிடம் பதில் இல்லை.

இப்போது நான் சிவில் பொறியியல் படிக்கிறேன். மலாயில் 'காம்புட்' என்று சொல்லும் கரிச்சதுப்பு நிலத்தைப் பற்றி மண்ணியல் பாடத்தில்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். சொல்லப்போனால் அது மண்ணே இல்லை. தண்ணீருக்குள் விழுந்த இலையும் கிளையும் வேரும் காற்று படாததால் முழுசாக மக்காமல், ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டராகச் சேர்ந்து உண்டானது. சில மீட்டர் ஆழம் சேரப் பல ஆயிரம் வருடங்கள் ஆகும். காண் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் எல்லாம் தலைகீழாகிறது. காற்று உள்ளே போகிறது, சேர்ந்தது மக்குகிறது, தரை வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் இறங்குகிறது. காய்ந்த பிறகு ஒரு சின்ன நெருப்பு போதும். அது நிலத்துக்கு அடியிலேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் சுலபத்தில் அணையாது.

இதையெல்லாம் ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி தாத்தாவிடம் சொன்னேன். சிரித்தார்.

"எனக்கா தெரியாது? பந்திங் பக்கத்து எஸ்டேட்லே அந்தக் காணை வெட்டுனதே நாங்கதாம்மா. கால வச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போவும். தண்ணிய இறக்குனாத்தான் செம்பனை நிக்கும். அப்புறம் மரமெல்லாம் சாய ஆரம்பிச்சிருச்சி. நம்ம வீட்டுக்கு மொதல்ல ரெண்டு படிதான். நாங்க வெளியாகுறப்ப நாலு."

அந்த ரெண்டு படிதான் என்னை யோசிக்க வைத்தது. அப்படியானால் என் தாத்தா தப்பு செய்தவரா? அந்தக் கூலியில்தான் அம்மா வளர்ந்தார். அம்மாவின் சம்பளத்தில்தான் நான் படிக்கிறேன். எனக்கு அவரைக் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. பாசத்தால் மட்டும் அல்ல. எங்கே காண் வெட்டுவது என்று முடிவு செய்தவர் அவர் இல்லை. வேண்டாம் என்று சொல்லும் இடத்திலும் அவர் இல்லை. ஆனால் என் நிலைமை வேறு. பலனையும் அனுபவித்துவிட்டேன், விளைவையும் தெரிந்துகொண்டேன். கர்மா என்றாலே தண்டனை என்று சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். இப்போது எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. செயலுக்கு விளைவு உண்டு என்று தெரிந்த பிறகு, தெரியாத மாதிரி நடந்துகொள்ள முடியாது.

"சட்டப்படி அனுமதி வாங்கிச் செய்தால் என்ன தப்பு?" என்று என் வகுப்பு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். வீடு வேண்டும், வேலை வேண்டும், சாலை வேண்டும். அவனுக்கு நான் சொன்ன உதாரணம் கோல லங்காட் வடக்கு வனக் காப்பகம்.

சிலாங்கூரில் மிச்சமிருக்கும் கரிச்சதுப்புக் காடுகளில் அது ஒன்று. அதை ஒட்டித் தெமுவான் பூர்வக்குடி மக்கள் வாழ்கிறார்கள். 2020 பிப்ரவரியில், ஏறக்குறைய 957 ஹெக்டர் காட்டில் பெரும்பகுதியை வனப் பட்டியலிலிருந்து நீக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. சிலாங்கூர் சட்டப்படி அதற்கு முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்டார்கள். பூர்வக்குடி மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் எதிர்த்தார்கள். மாநிலச் சட்டமன்றமும் நீக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. பிறகும் 2021 ஆகஸ்டில், சுமார் 536 ஹெக்டர் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது என்று தெரியவந்தது. மறுபடியும் பெரிய எதிர்ப்பு. செப்டம்பரில் மந்திரி பெசார் அந்த முடிவை ரத்து செய்து, நிலத்தை மீண்டும் வனமாக்குவதாக அறிவித்தார்.

நீக்கியதும் அதிகாரத்தின்படிதான். திரும்பச் சேர்ப்பதாக அறிவித்ததும் அதிகாரத்தின்படிதான். நமது அரசியலமைப்பில் நிலமும் காடும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. ஆகவே "அனுமதி இருக்கிறதா?" என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் 'ஆம்' என்று பதில் சொல்ல முடிந்தது. "இது சரியா?" என்ற கேள்வியை வெளியே நின்ற மக்கள்தான் கேட்டார்கள்.

நண்பன் விடவில்லை. "நெலத்துக்கு கிராண்ட் இருக்கா அவங்ககிட்ட?" என்றான்.

இந்தக் கேள்வியை நாம் வேறு எங்கேயோ கேட்டிருக்கிறோம் இல்லையா? எஸ்டேட்டை விற்று வீட்டுமனை போட்டபோது, நம் தாத்தா பாட்டி கட்டிய கோயில்களைப் பார்த்து இதையேதான் கேட்டார்கள். கிராண்ட் யார் பேரில்? நாம் என்ன சொன்னோம்? "காகிதம் இல்லாவிட்டாலும் மூன்று தலைமுறையாக இங்கே விளக்கேற்றியிருக்கிறோம். அதற்கு மதிப்பில்லையா?" என்றோம். அந்த வாதம் நமக்குச் சரி என்றால் தெமுவான் மக்களுக்கும் சரிதான். அவர்கள் அங்கே நமக்கு வெகுகாலம் முன்பே இருந்தவர்கள். நமக்கு வலித்தபோது மட்டும் நியாயம் பேசினால் அது நியாயம் இல்லை, சுயநலம்.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல சட்டம் ரொம்ப முக்கியம். இந்தோனேசியா, பயிர் செய்யும் கரிச்சதுப்பு நிலத்தில் நிலத்தடி நீர் 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் நிலம் சேதமடைந்ததாகக் கருத வேண்டும் என்று 2014-இல் விதி கொண்டுவந்தது. ஓர் அளவுகோலை வைத்துச் சரிபார்க்கக்கூடிய விதி. இப்படித் தெளிவான எண் இருந்தால் யாரும் மழுப்ப முடியாது. ஆனால் அந்தக் குழாயில் நீர்மட்டத்தை அளந்து, உள்ளதை உள்ளபடி எழுத ஒரு ஆள் வேண்டும். 40 என்று எழுதச் சொல்லி மேலதிகாரி கண் காட்டும்போது 65 என்று எழுதுகிற ஆள்.

இன்னும் இரண்டு வருடத்தில் அந்த ஆள் நானாக இருக்கலாம். காண் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் வேலையும் எனக்கு வரலாம். அன்றைக்கு நான் தைரியமாக இருப்பேனா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. கல்விக் கடன் இருக்கும், வீட்டில் எதிர்பார்ப்பு இருக்கும். ஆனால் தாத்தாவைப் போல "முடிவு செய்தது நான் இல்லை" என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

நண்பர்களே, உங்களில் சிலர் வழக்கறிஞர் ஆவீர்கள், சிலர் அரசாங்க வேலைக்குப் போவீர்கள், சிலர் நிலம் வாங்கி விற்பீர்கள். ஒரு கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு நிறுத்தாமல், இந்த நிலம் இறங்கினால் யார் வீட்டுக்குப் படி கட்ட வேண்டிவரும் என்றும் கேளுங்கள்.