ஐந்து மார்க்குக் கேள்வி

சரித்திரத்தை எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று சொல்லுகிற புத்தகங்களைத் தேடிப்பிடித்துப் படிப்பதில் எனக்கு ஓர் ஆசை உண்டு. நான் வாத்தியார் அல்ல. கதை எழுதிக் காலம் தள்ளுகிறவன். "உமக்கு எதற்கையா இந்த வேலை? ஏதாவது சரித்திர நாவல் எழுதப் போகிறீரா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சிரித்து மழுப்பிவிடுவது என் வழக்கம். உண்மையான காரணத்தை வெளியே சொல்ல இத்தனை நாளும் கூச்சமாக இருந்தது. இன்று சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

இந்த வகைப் புத்தகங்களில் ஒரு விசித்திரம். அவற்றில் பெரும்பாலும் எங்காவது ஒரு குழந்தை தலையைக் காட்டிவிடுகிறது. பிரான்ஸ் தேசத்துச் சரித்திராசிரியர் மார்க் பிளாக் தம் புத்தகத்தை ஒரு சிறுவனின் கேள்வியோடு ஆரம்பிக்கிறார். சரித்திரத்தால் என்ன பிரயோஜனம் என்று அந்தப் பிள்ளை தன் தகப்பனாரைக் கேட்கிறான், தகப்பனாரோ சரித்திராசிரியர். அதற்குப் பதில் சொல்ல முயன்றதுதான் அந்தப் புத்தகம். யுத்த காலத்தில் எழுதத் தொடங்கியவர் அதை முடிக்கவில்லை. 1944-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மானியர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். முடியாத புத்தகமாகவே அது 1949-இல் வெளிவந்தது. நம் நேருவும் 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து தம் மகளுக்கு எழுதிய கடிதங்களில்தான் உலக சரித்திரத்தைச் சொன்னார். 1930-இல் இங்கிலாந்தில் இரண்டு பேர் சேர்ந்து '1066 அண்ட் ஆல் தட்' என்று ஒரு வேடிக்கைப் புத்தகம் போட்டார்கள். பரீட்சை முடிந்தபின் பள்ளிப் பையன் மண்டையில் குழம்பிக் கிடக்கும் அரைகுறைச் சங்கதிகளையெல்லாம் கோத்து ஒரு தேசத்தின் சரித்திரமாகவே எழுதிவிட்டார்கள். விழுந்து விழுந்து சிரிக்கலாம்.

இந்தப் புத்தகங்களில் வருகிற குழந்தைகள் கேள்வி கேட்பார்கள், அல்லது தப்பும் தவறுமாக ஞாபகம் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த பையன் அப்படியில்லை. அவன் கேள்வி கேட்கவில்லை, பதில் எழுதினான். தப்பாகவும் எழுதவில்லை.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. நாமக்கல் தனி ஜில்லாவானது 1997-இல்தான். எங்கள் ஊரெல்லாம் அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆகையால் மேட்டூர் அணை 'எங்கள் ஜில்லா அணை' என்ற பெருமை எங்களுக்கு நிறைய உண்டு. வாத்தியாரும் அந்தப் பாடத்தைச் சுவையாக நடத்தினார். 1925-இல் வேலை ஆரம்பம், 1934-இல் முடிவு. கட்டுவித்த பொறியாளர் எல்லிஸ். நீர்த்தேக்கத்துக்கு வாய்த்த பெயர் கவர்னர் ஸ்டான்லியுடையது. நீளம் 5,300 அடி, தேக்கும் நீரின் உயரம் 120 அடி. இவை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்லுவேன். அந்தக் காலாண்டுப் பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு ஒரு கேள்வி வந்தது: 'மேட்டூர் அணையால் விளைந்த நன்மைகள் யாவை?'

நான் ஐந்து நன்மைகளை எண் போட்டு எழுதினேன். ஐந்துக்கு ஐந்து.

என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிற பையன் வேறு விதமாக எழுதியிருந்தான். விடைத்தாள் கொடுத்த அன்று வாத்தியார் அதை வகுப்பு முழுவதற்கும் உரக்கப் படித்தார். வார்த்தைக்கு வார்த்தை ஞாபகமில்லை, விஷயம் ஞாபகமிருக்கிறது. அணை கட்டியதால் அவனுடைய அப்பாயி பிறந்த ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. ஊர் பண்ணவாடிப் பக்கம். சாமான்களை ஏற்றிக்கொண்டு வரும்போது வண்டியில் இடமில்லாமல் அம்மிக்கல்லை விட்டுவிட்டார்கள். நாய் வண்டியோடு வரவில்லை. கோயில் நந்தியையும் யாரும் எடுத்துக்கொண்டு வரவில்லை. இவ்வளவுதான்.

"ஏன்டா தம்பி, நான் கேட்டது நன்மை. நீ எழுதியிருக்கறது உங்க அப்பாயி அம்மிக்கல்லு!" என்றார் வாத்தியார்.

வகுப்பே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? சாயங்காலம் மைதானத்தில் அவனை 'அம்மிக்கல்லு' என்று முதன்முதலில் கூப்பிட்டவன் நான். அந்தப் பெயர் பள்ளிக்கூடம் விடும்வரை அவனை விட்டுப் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணக்கு நோட்டு வாங்க அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கடைக்குப் போயிருந்தான். வாசலில் அவனுடைய அப்பாயி கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வா கண்ணு. ஏங்கண்ணு, எங்க ஊரப் பத்தி இவன் எழுதினத வாத்தியாரு அத்தன பசங்களுக்கும் படிச்சுக் காட்டுனாராமா? இவன் சொல்றான். நெசந்தானா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு, "ஆமாங்க அப்பாயி. சத்தமாத்தான் படிச்சாருங்க" என்றேன்.

"பசங்கெல்லாம் கேட்டாங்களா?"

"எல்லாருந்தானுங்க கேட்டாங்க."

அந்த அம்மாள் கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எங்க ஊரு பேரு ஒரு பள்ளிக்கூடத்துல கேட்டிருக்குது பாரு" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, இரண்டு கையும் கொள்ளாமல் கடலையை அள்ளி என் சட்டைப்பையில் போட்டார்.

நான் சொன்ன இரண்டு வாக்கியங்களும் உண்மை. வாத்தியார் படித்தார், பசங்கள் கேட்டார்கள். அந்தப் பையன் சொன்னதும் உண்மை. ஒரு பொய்கூட இல்லை. ஆனாலும் அந்தக் கிழவியை நாங்கள் இருவரும் சேர்ந்து ஏமாற்றிவிட்டோம். அவன் அன்பினால் ஏமாற்றினான். நான் பயத்தினால் ஏமாற்றினேன்.

இதைப் பல வருஷம் கழித்துத்தான் யோசித்தேன். யோசிக்க யோசிக்க, எங்கள் சரித்திரப் புத்தகமும் என்னைப்போலத்தான் என்று தோன்றிற்று. அதிலே பொய் எங்கே இருக்கிறது? 1925 உண்மை, 1934 உண்மை, 5,300 அடி உண்மை. நன்மைகளும் உண்மை. வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி அணை திறக்கிறார்களே, அந்தத் தண்ணீர் தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால்களில் ஏறுகிறபோது அதைப் பார்த்துக் கைகூப்புகிற அப்பாயிகள் அங்கே எத்தனை பேர் இருப்பார்கள்! அவர்கள் வீட்டுச் சோறு பொய்யாகுமா? ஆகாது. ஆனால் அந்த அப்பாயிகள் பாடத்துக்குள் இருந்தார்கள். பண்ணவாடிப் பக்கத்து அப்பாயி பாடத்துக்கு வெளியே, வாசலில் உட்கார்ந்து கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

பொய் சொன்னால் என்றைக்காவது ஒருவர் கண்டுபிடித்துவிடலாம். சொல்லாமல் விட்டதை யார் கண்டுபிடிப்பது? அது விட்டுப்போனவனுக்கு மட்டுமே தெரியும். அவனும் எழுந்து சொன்னால், மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கம் இல்லாமலில்லை. எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அம்மிக்கல்லை எல்லாம் எழுதப் புகுந்தால் சரித்திரம் என்ன ஆவது? நியாயமான கேள்விதான். ஈ. எச். கார் என்கிற ஆங்கிலேயர் 1961-இல் கேம்பிரிட்ஜில் செய்த பிரசங்கங்களில் இதைத்தான் விஸ்தாரமாகப் பேசினார். நடந்ததெல்லாம் சரித்திரம் ஆகிவிடுவதில்லை. சரித்திராசிரியர் எதைப் பொறுக்கி எடுக்கிறாரோ அதுவே ஆகிறது என்பது அவர் கட்சி. கதை எழுதுகிற எனக்கு இது நன்றாகப் புரிகிறது. நூறு விஷயத்தை விட்டால்தான் ஒரு விஷயத்தை எழுத முடியும். விடுவது பாவம் என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

இன்னொரு வாதமும் உண்டு. குழந்தைகளுக்கு முதலில் பெருமை வேண்டும். துக்கமெல்லாம் பெரியவர்களான பிறகு தெரிந்துகொள்ளட்டும் என்பார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். என் சிநேகிதன் தன் அப்பாயியிடம் செய்ததும் இதேதான். ஆனால் இப்படி நல்ல மனசோடு விட்டுவிட்டுச் சொல்வது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்குக் கிருஷ்ண குமார் என்ற கல்வியாளர் 2001-இல் ஒரு புத்தகம் எழுதினார். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுதந்திரப் போராட்டத்தை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று இரண்டு தேசத்துப் பாடப் புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். நடந்தது ஒன்று, ஆனால் இங்கே பிரிவினை ஒரு துயரம், அங்கே அது ஒரு சாதனை. இங்கே விரித்துச் சொன்னது அங்கே ஒரு வரி. அங்கே விரித்தது இங்கே மௌனம். இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் தங்கள் புத்தகத்தை நன்றாகப் படித்து ஐந்துக்கு ஐந்து வாங்குகிறார்கள். பிறகு எங்கேயாவது சந்தித்தால் ஒருவன் சொல்வது மற்றவனுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். சிரிக்கத் தோன்றும்.

அப்படியானால் என்னதான் செய்வது? எல்லாவற்றையும் சொல்லவும் முடியாது. விட்டுச் சொல்வதும் அநியாயம். எனக்குத் தோன்றுகிற வழி சின்ன வழி.

நாமக்கல் மலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊர் நடுவே ஒரே பாறை, உச்சியில் கோட்டை. கோட்டையைக் கட்டியது யார்? சேந்தமங்கலம் பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கர் என்று ஒரு கூற்று உண்டு. இல்லை, மைசூர் அரசரிடம் உத்தியோகம் பார்த்த ஒருவர் என்று இன்னொரு கூற்று. கடைவீதியில் கேட்டால் திப்பு சுல்தான் கோட்டை என்பார்கள். ஒரு விடுமுறையில் உறவினர் வீட்டுப் பெண்குழந்தை ஒன்றை மேலே அழைத்துப்போனேன். பத்து வயது. "யாரு மாமா கட்டுனது?" என்று கேட்டாள். மூன்று பதிலையும் சொன்னேன். முகம் சுருங்கிவிடும் என்று பயந்தேன். அவளோ மதில் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "அவங்கவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "கல்லத் தூக்கிட்டு வந்தவங்க பேரு யாருக்கும் தெரியாதா?" என்றும் கேட்டாள்.

இந்த இரண்டு கேள்விக்குமேல் சரித்திரத்தில் கற்பிக்க என்ன இருக்கிறது? எப்படித் தெரியும், யார் விட்டுப்போனார்கள். இவை இரண்டும் கையில் இருந்தால், எந்தப் பாடப் புத்தகமும் பிள்ளையை ஏமாற்றிவிட முடியாது. புத்தகம் சின்னதாகவே இருக்கட்டும். 'இவ்வளவுதான் எனக்குத் தெரியும், இன்னும் உண்டு' என்று ஒரு கதவை அது திறந்து வைத்திருந்தால் போதும். அன்றைக்கு எங்கள் கேள்வித்தாள், 'நன்மைகள் யாவை?' என்பதோடு, 'இதற்காக எதையேனும் இழந்தவர்கள் யார்?' என்றும் ஒன்று கேட்டிருந்தால், வகுப்பிலேயே ஐந்துக்கு ஐந்து வாங்கக்கூடியவன் ஒரே ஒருவன்தான். நான் பூஜ்யம்.

வாத்தியார்மேல் எனக்குக் கோபமில்லை. ஐம்பது பையன்களைப் பரீட்சையில் கரையேற்ற வேண்டியவர் அவர். கேட்டதற்குப் பதில் இல்லையென்றார். கேட்டதற்குப் பதில் இல்லைதான். கேள்வியைச் செய்தவரும் அவர் அல்ல. ஆனால் 'அம்மிக்கல்லு' என்று கூப்பிடும்படி எனக்கு எந்தப் பாடத்திட்டமும் கட்டளையிடவில்லையே! அது நானாகச் செய்தது. ஆகையால் சரித்திரத்தின் குற்றத்தைச் சரித்திரத்தின்மேல் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியவில்லை.

மழை பொய்த்த ஒரு வருஷம், அணையில் தண்ணீர் வற்றியிருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பண்ணவாடிப் பரிசல் துறைக்குப் போனேன். நீர் இறங்குகிற காலங்களில் அங்கே ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரியும். பழைய மாதா கோயிலின் கோபுரமும் தலை நீட்டும். பார்க்க ஜனங்கள் வருவார்கள். அன்றும் நல்ல கூட்டம். சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. நந்தி அப்படியேதான் உட்கார்ந்திருந்தது. அவன் விடைத்தாளில் எழுதியது சரி. அதை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

என் சிநேகிதன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அப்பாயியிடம் நான் முழு உண்மையையும் சொல்லியிருக்க வேண்டுமா என்பதும் தெரியாது. படித்த புத்தகங்களில் எதுவும் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. மறுநாள் பெஞ்சில் உட்காரும்போது, "உங்க அப்பாயி ஊரு பேரு என்னடா?" என்று அவனைக் கேட்டிருக்கலாம். கடலையைத் தின்றேனே தவிர, அந்தப் பேரை நான் கேட்கவேயில்லை.