அயலகத்தார் பிணியும் மாணவர் ஈகையும்

பிறநாடு சென்று உழைத்துப் பிழைக்கும் ஏழை மக்களுக்கு உடல்நலக் கல்வி அளிப்பதற்காகப் பல தேசங்களில் கல்லூரி மாணவர்கள் நிதி திரட்டி வருகின்றனர். நாடகம் நடத்தியும், நெடுந்தூரம் நடந்தும், பண்டங்கள் விற்றும் பொருள் சேர்க்கின்றனர். இதன்மேல் இரண்டு ஐயங்கள் எழுப்பப்படுகின்றன. தமக்கெனப் பொருளில்லாத மாணவர் பிறரிடம் இரந்து பெற்றதைக் கொடுப்பது ஈகை ஆகுமா என்பது ஒன்று. அருகிலுள்ளோர் துன்புற்றிருக்கத் தொலைவிலுள்ளோர்க்கு அனுப்புதல் முறையா என்பது மற்றொன்று. பௌத்த நெறியில் நிற்கும் நாம் இவற்றை ஆராய்தல் கடமையாகும்.

முதல் ஐயத்திற்கு நம் மணிமேகலைக் காப்பியமே விடை தருகின்றது. மதுரை மாநகரில் வீடுதோறும் இரந்து, குருடர்க்கும் முடவர்க்கும் ஆதரவற்றோர்க்கும் ஊட்டிய பின்னரே மிச்சத்தை உண்ட ஆபுத்திரன் பொருளாளன் அல்லன். ஊரால் தள்ளப்பட்ட இளைஞன். பிறர்பொருட்டு நீட்டிய கை தாழ்ந்த கையன்று. அவனிடம் அமுதசுரபி வந்ததும் அதன் பின்னரே.

இரண்டாம் ஐயத்திற்கும் அவனே விடை. பாண்டிநாட்டில் பசி நீங்கிய பின், சாவகத்தில் மழையின்றி மக்கள் மடிவதைக் கேட்டுக் கப்பலேறினான் அவன். எந்நாட்டார், எக்குலத்தார் என்று அவன் வினவவில்லை. அருகிலுள்ளோரை மறந்து தொலைவிலுள்ளோரை நினைப்பது குற்றமே. ஆயினும் அருகிலுள்ளோரைச் சாக்காகக் காட்டி ஒருவருக்கும் கொடாதிருப்பது அதனினும் பெருங்குற்றம்.

இனி, இப்பணி நிகழும் ஓரிடத்தைக் காண்போம். தாய்லாந்தின் மேற்கெல்லையில், மோய் ஆற்றங்கரையை அடுத்து, மே சோட் என்னும் நகர் உளது. ஆற்றிற்கு அப்பால் பர்மா. அங்கிருந்து போருக்கும் வறுமைக்கும் அஞ்சி வந்தோர் இங்கே வயல்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் உழைக்கின்றனர். 1988ஆம் ஆண்டின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது எல்லை கடந்து வந்த கரேன் இனத்து மருத்துவர் சிந்தியா மௌங் அம்மையார், 1989இல் இங்கு மே தாவ் மருத்துவமனையைத் தொடங்கினார். அரிசி வேகவைக்கும் பாத்திரத்திலே மருத்துவக் கருவிகளைத் தூய்மை செய்த எளிய தொடக்கம் அது. 2002இல் அவருக்கு மகசேசே பரிசு வழங்கப்பட்டது. அங்கு நோய் தீர்ப்பதோடு, வந்தேறிய மக்களுள்ளிருந்தே சுகாதாரப் பணியாளரைப் பயிற்றுவித்தும் வருகின்றனர். அம்மருத்துவர் கிறிஸ்துவர், அவரிடம் வருவோரில் பௌத்தர் பலர். பிணிக்கு மதவேற்றுமை இல்லை; பிணி தீர்ப்பார்க்கும் அது இல்லை.

அங்கே கல்வியின் பயன் கண்கூடு. மலேரியா மருந்தைக் காய்ச்சல் தணிந்தவுடன் நிறுத்திவிட்டால், எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். முழு அளவும் உட்கொள்ள வேண்டும் என்று தன் மொழியிலே, தன்னவர் வாயாலே கேட்டறிந்த தாய் தன் குழந்தையைக் காப்பாள்; அண்டை வீட்டாருக்கும் அதைச் சொல்வாள். கொடுத்த காசு தீர்ந்துபோம். கற்பித்த அறிவோ கொள்ளக் குறையாத அமுதசுரபி.

ஆயினும் இக்கல்வியிலே ஓர் இடர் மறைந்துள்ளது. ‘இவர்கள் அறியாதவர், அசுத்தர், ஆதலின் நோயுற்றனர்’ என்னும் எண்ணம் கற்பிப்போர் நெஞ்சில் புகுந்துவிடலாம். அச்சொல்லின் கொடுமையை நம்மைக்காட்டிலும் அறிந்தவர் யார்? சேரியிலே நீரெடுக்கக் கிணற்றையும் மறுத்துவிட்டு, சேரியார் தூய்மையற்றவர் என்று தூற்றிய உலகை நம் முன்னோர் கண்டனர். கோலார் தங்கவயலில் குடியேறி உழைத்த தமிழரிடையேதான் பண்டிதர் அயோத்திதாசர் பரப்பிய பௌத்தம் வேரூன்றியது. சுரங்கத்தின் கல்தூசி அத்தொழிலாளரின் நுரையீரலை அரித்தது. கைகழுவும் பாடம் மட்டும் அத்தூசியைத் தடுத்திருக்குமோ?

புத்தபிரான் மருத்துவர்க்கு ஒப்பாகப் போற்றப்படுபவர். துக்கத்தைக் காட்டியதோடு அதன் காரணத்தையும் காட்டினார். கொசுவலை வாங்கக் கூலி போதாமை, உரிமைச் சீட்டின்மையால் காவலர்க்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாமை, திறந்த குடிசையில் உறக்கம் ஆகிய இவையும் நோய்க்குக் காரணங்களே. இவற்றை விடுத்து அறியாமையை மட்டும் சொல்லும் கல்வி அரைக்கல்வி. அது துன்புறுவோன் தலையிலே பழியையும் ஏற்றிவிடுகின்றது.

ஆதலின் மாணவர்க்கு மூன்று விதிகளைச் சொல்லத் துணிகிறோம். நோயுற்ற குழந்தையின் படத்தைக் காட்டி இரக்கத்தை விலைபேசலாகாது. திரட்டிய பொருள் அம்மக்களுள்ளிருந்தே எழும் பணியாளரின் பயிற்சிக்கும், பாடத்தோடு கொசுவலைக்கும் மருந்துக்கும் செல்லல் வேண்டும். எது தேவை என்பதை அம்மக்களிடமே கேட்டறிதல் வேண்டும்.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் அயல்நாட்டு உதவியை நிறுத்தியபோது, அவ்வெல்லையின் அகதி முகாம்களில் மருத்துவ நிலையங்கள் மூடப்பட்டன. மாணவரின் சிறுநிதி அப்பெருநிதியை ஈடுசெய்யாது. எனினும் பெருநிதி நின்ற நாளிலும், பயிற்சி பெற்ற ஒருத்தி அக்குடியிருப்பில் இருப்பாளாயின், காய்ச்சலுற்ற குழந்தைக்கு அறிகுறி காணவும் வழிகாட்டவும் ஒருவர் உளர். கொடுப்போன் நீங்கிய பின்னும் நிற்பதே சிறந்த தானம்.

நம் இளைஞரும் தத்தம் ஊரிலே புலம்பெயர்ந்து வந்து கட்டடம் எழுப்பும் பிறமொழித் தொழிலாளரை முதலில் கண்டு, அவர் மொழியில் நான்கு சொல் கற்று, இப்பணியைத் தொடங்குவாராக. அருகிலுள்ள அயலாரை அறிந்த கரங்கள் கடல்கடந்த அயலார்க்கும் நீளும்.