உறங்குகிறானென்று விட்டுவிடாதீர்கள்



நம் ஆண்டவர் பூங்காவனத்தில் இரத்த வியர்வை சிந்தியபோது, சற்றுத் தூரத்தில் மூன்று சீஷர்கள் இருந்தார்கள். அவர்கள் துரோகிகளல்ல, அவரை உயிருக்குயிராய் நேசித்தவர்கள். ஆயினும் உறங்கிப்போனார்கள்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து வரும் ஒரு துயரச் செய்தி இதையே நினைப்பூட்டுகிறது. அங்கே 1999 முதல் 2016 வரை அபினி இனத்து மருந்துகளின் நஞ்சினால் இறந்த பிள்ளைகள் 8,986 பேர். ஏறக்குறைய 7,900 பேர் 15 முதல் 19 வயதினர். சுமார் 600 பேரோ ஐந்து வயது நிறையாத பாலகர்! பத்தில் எட்டு மரணங்கள் எவரும் எண்ணாமல் நேர்ந்தவை.

இம்மருந்துகள் தம்மிலே தீயவை அல்ல. புற்றுநோயாளியின் கொடிய வலியைத் தணிக்க வைத்தியர் கொடுக்கும் மார்பினும் இவ்வினமே. ஆனால் அளவு மீறினால் சுவாசம் மெல்லமெல்லக் குறைந்து நின்றுவிடும். பாட்டனாரின் மாத்திரை தலைமாட்டில் கிடந்தால், குழந்தைக்கு அது மிட்டாய்தானே?

பிந்திய வருஷங்களில் ஃபெண்டனில் என்னும் மருந்து கேட்டைப் பெருக்கிற்று. இரண்டு மில்லிகிராமே ஓர் ஆளைக் கொல்லக்கூடும். கள்ள வியாபாரிகள் இதைக் கலந்து, மருந்துக்கடை மாத்திரையைப் போலவே செய்து விற்கிறார்கள். வாங்கும் வாலிபன் நஞ்சு வாங்குவதை அறியான்.

இன்னும் கேளுங்கள். 2019 ஜூலை முதல் 2021 டிசம்பர் வரை அந்நாட்டில் போதைப்பொருளின் அளவு மீறி இறந்த 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளின் மரணங்களை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு மரணங்களில் யாரோ ஒருவர் அருகே இருந்திருக்கிறார்! சிலர் அடுத்த அறையில் இருந்தார்கள். சிலர் ஆபத்தென்று உணரவில்லை. மூக்கில் பீய்ச்சினால் சுவாசத்தை மீட்கவல்ல நலாக்சோன் மருந்து, பத்தில் மூன்று பேருக்கே கொடுக்கப்பட்டிருந்தது.

பெற்றோரே, அடையாளங்களை மனதில் வையுங்கள்: தட்டி எழுப்பியும் எழாமை, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குதல், உதடு நீலமாதல், தொண்டையில் கரகரவென்ற குறட்டை. இது நித்திரையல்ல. பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்தி, உடனே வைத்திய உதவியை அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். விடியட்டும் என்று காத்திராதேயுங்கள்.

வலி மருந்துகளைப் பூட்டி வையுங்கள். ஒருவருக்குத் தந்ததை மற்றொருவருக்குக் கொடாதேயுங்கள்.

வாலிபரே, தோழன் மயங்கிக் கிடக்கையில், ஏச்சு விழுமென்று அஞ்சி மறைக்காதேயுங்கள். பெற்றோரே, தவறு செய்த பிள்ளை நள்ளிரவிலும் உங்களிடம் ஓடிவரத் துணியும்படி நடந்துகொள்ளுங்கள். ஊதாரிப் பிள்ளையின் தகப்பன் அவனைத் தூரத்திலேயே கண்டுகொண்டானே! வழி பார்த்திருந்தவனல்லவா அவன்?

இன்றிரவு ஜெபமாலை முடிந்தபின், மருந்துப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். பிள்ளைகளின் முகத்தையும் பாருங்கள். காவல் சம்மனசுகளோடு நாமும் விழித்திருப்போமாக. ஆமென்.