தண்டனை யாருக்கு?

நஞ்சை விற்றவனையும் அதனை வாங்கி நுகர்ந்த சிறுவனையும் ஒரே தராசில் நிறுத்தல் அறமாகுமா? மின் சிகரெட் என்னும் தீமை நம் இளையோரை நெருங்கிவரும் இந்நாளில், பெற்றோர் யாவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

நிக்கோட்டின் கலந்த நீர்மத்தை மின்கலத்தால் சூடாக்கி, ஆவியாக உள்ளிழுக்கச் செய்வது இக்கருவி. பழச்சுவையும் இனிப்பும் அதன் கடுமையை மறைத்துவிடுகின்றன. வளரும் மூளையோ நிக்கோட்டினுக்கு எளிதில் அடிமையாகிறது. ஆகவே, சிறுவன் தானே விரும்பித் தேர்ந்தான் என்பது முழு உண்மையாகாது.

தமிழக அரசு 2018-இல் இதனைத் தடை செய்தது. 2019-இல் நடுவண் அரசு நாடு முழுமைக்கும் சட்டம் இயற்றியது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமித்து வைத்தல் ஆகியவை குற்றங்களாயின. முதன்முறை விற்போர்க்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. நுகர்வோர்க்கெனத் தனித் தண்டனை எதுவும் அதில் கூறப்படவில்லை.

தண்டனை இல்லையேல் சிறுவர்க்கு அச்சம் ஏது என்று சிலர் வினவுவர். அச்சம் ஒளிக்கக் கற்றுத்தருமேயன்றி விடக் கற்றுத்தராது. பள்ளியினின்று நீக்கப்பட்ட மாணவன், அவனைத் திருத்தக்கூடிய ஆசிரியரையும் இழக்கிறான்.

அமெரிக்காவில் 2019-இல் உயர்நிலைப் பள்ளி மாணவருள் நூற்றுக்கு 27 பேருக்கு மேல் இதனைப் பயன்படுத்தினர். அவ்வாண்டின் இறுதியில் புகையிலைப் பொருள்களை விற்பதற்கான வயது வரம்பு 21 ஆக உயர்த்தப்பட்டது. 2020-இல் சுவையூட்டிய குப்பிகள் பல கட்டுப்படுத்தப்பட்டன. 2024-இல் அத்தொகை நூற்றுக்கு 8 பேருக்கும் கீழே இறங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்ததற்கும் இதில் பங்கிருக்கலாம். எனினும், அங்கு நடுவண் சட்டத்தின் கை முதலில் சென்றது வணிகன்மீதே என்பது கருதத்தக்கது.

இனி, நம்மை உறுத்தும் வினா ஒன்றுண்டு. மின் சிகரெட்டைத் தடுத்த நாட்டில், அதனினும் கொடிய சாதாரண சிகரெட் கடைதோறும் விற்கிறதே! 2003-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர்க்கு விற்பதையும், கல்விக்கூடங்களிலிருந்து நூறு கஜ தூரத்துக்குள் விற்பதையும் தடுக்கிறதேயன்றி, விற்பனையை முழுதும் தடுக்கவில்லை. "தீயதெனில் அதை ஏன் விட்டுவைத்தீர்கள்?" என்று மகன் கேட்டால், அரசும் தந்தையும் என்ன விடை கூறுவர்?

விற்பவனுக்குத் தண்டனை, வீழ்ந்தவனுக்கு மருத்துவம்: இதுவே நேரிய நெறி. ஆயின் அந்நெறி மெய்யாக வேண்டுமெனில், புகைக்கும் பெரியவர் தம் கையிலுள்ளதை முதலில் கீழே போடுதல் வேண்டும்.